பிடுங்கலாம், மாட்டக்கூடாது

இண்டூரிலிருந்து தருமபுரி போகிற வழியில் ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொன்னால் எனக்கும் ஒரு மெமோ வரும், அதனால் சொல்லவில்லை. அந்த ஊரில் மக்கள் அடையாள ரேகை மையம் என்று ஓர் அலுவலகம். நான் நான்தான் என்று கட்டைவிரலை வைத்து நிரூபிக்க ஜனங்கள் அங்கே போவார்கள். பாதிப் பேர் அது நிரூபணம் ஆகாமலே பஸ் ஏறுவார்கள்.

குப்புராஜ் அங்கே போனது ஒரு வெள்ளிக்கிழமை. அவர் இண்டூர்ப் பக்கம் தக்காளி வைக்கிற மனிதர். அவருடைய மனைவி காசியம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தாள். புதன்கிழமை சேலத்தில் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி வாங்கிக் கொடுத்துவிட்டார். காப்பீட்டு அட்டை செல்லுபடியானால் அன்றைக்குப் படுக்கை அவளுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. அட்டை கையில்தான் இருந்தது. அதிலுள்ள ரேகை பழசாகிவிட்டது, புதுப்பித்துக்கொண்டு வரவும் என்று சொல்லிவிட்டார்கள். ரேகை எப்படிப் பழசாகும் என்று கேட்கிற நிலையில் குப்புராஜ் இல்லை.

"அஞ்சு நிமிச வேலைங்கண்ணா. வெரல வெச்சா முடிஞ்சுது" என்று வார்டு நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். பாவம், அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அலுவலகம் தெரியாது.

மையத்தில் ஒரு மேஜை. மேஜைமேல் கம்ப்யூட்டர். பக்கத்தில் சோப்பு டப்பா அளவுக்கு ரேகைக் கருவி. கருவியின் ஒயர் மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அது போய்ச் சேர வேண்டிய ஓட்டைக்கும் ஒயரின் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணைப் பற்றியதுதான் இந்தக் கதை.

மேஜைக்குப் பின்னால் ஆபரேட்டர் பானுமதி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். குப்புராஜ் அட்டையை நீட்டினார். அவள் அட்டையைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"கருவி கழண்டிருக்குதுங்கண்ணா. உக்காருங்க."

"மாட்டுனா ஆச்சுங்களே."

அவ்வளவுதான் சொன்னார். அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளறையிலிருந்து மைய மேலாளர் காளியப்பன் எழுந்து வெளியே வந்தார்.

"யாருய்யா மாட்டச் சொன்னது?"

"நாந்தானுங்க. ஒயரு வெளிய கெடக்குது, அதான்..."

"கரண்டு இருக்குதா இல்லியா?"

குப்புராஜ் தலைக்குமேல் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "இருக்குதுங்க."

"இருக்கும்போது மாட்டச் சொல்றே."

குப்புராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டத்தில் மோட்டார் ஃபியூஸ் கட்டையைச் சேற்றுக் கையோடு பிடுங்கி மாட்டுகிற ஆள் அவர். அது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒயரில் வருகிற கரண்டு அவருடைய வாட்சை ஓட்டக்கூடக் கொஞ்சம் யோசிக்கும்.

விஷயம் இதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பானுமதியின் நாற்காலியில் குரு என்று ஒருவர் இருந்தார். அப்போது அங்கே இருந்தது பழைய கம்ப்யூட்டர். உருண்டை மூக்கு வைத்த கீபோர்டு ஒயர், உள்ளே பொடிப்பொடியாக ஊசி. அதையெல்லாம் ஓடுகிறபோது மாட்டக்கூடாது என்பது நியாயம்தான். குரு மாட்டினார். அன்றைக்குப் பார்த்துப் பெட்டியிலிருந்து புகை வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. பல்லிமேல் நடவடிக்கை எடுக்க விதி இல்லாததால் குருமேல் எடுத்தார்கள். அவரைக் கோணி மூட்டை எண்ணுகிற ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு பழைய கம்ப்யூட்டர் போய்ப் புதுசு வந்தது. தட்டை மூக்கு ஒயர் வந்தது. ஓடும்போதே மாட்டவும் கழட்டவும் செய்துகொள்ளுங்கள் என்றே செய்து அனுப்பிய ஒயர். ஊசியும் மாறிவிட்டது, பல்லியும் செத்துவிட்டது. விதி மட்டும் உயிரோடு இருந்தது. அதன் பெயர் 'மின்னோட்டம் உள்ள வேளையில் துணைக்கருவிகளைப் பாதுகாப்பாக இணைத்தல் குறித்த நெறிமுறைகள்'. பாதுகாப்பாக இணைக்க ஒரே வழி இணைக்காமல் இருப்பது என்பது அதன் சாரம்.

சரி, ஒயர் எப்படி வெளியே வந்தது? முந்தின நாள் புழுக்கம் தாங்காமல் காளியப்பன் தன் குட்டி விசிறியைச் சொருக ஓட்டை தேடினார். ஒன்றில் அவருடைய போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ரேகைக் கருவி இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு விசிறியைச் சொருகிக்கொண்டார். விசிறியின் நீள ஒயர் அங்கிருந்து சுவரோரமாக உள்ளறைக்குப் போயிருந்தது. குப்புராஜின் பார்வை அந்த ஒயரோடு உள்ளறை வரைக்கும் போய்த் திரும்பியது.

"அந்த விசிறி மட்டும் கரண்டு இருக்கும்போது மாட்டலாமுங்களா?"

"அது துணைக்கருவி இல்லய்யா. காத்து" என்றார் காளியப்பன்.

"இத யாரோ கழட்டிருக்காங்களே, அது தப்பில்லீங்களா?"

"கழட்டறதுக்கு எந்த விதியும் இல்ல. மாட்டறதுக்குத்தான் விதி."

குப்புராஜ் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு மாட்டலாமே என்று கேட்பீர்கள். அவரும் கேட்டார். நிறுத்தலாம்தான். நிறுத்தினால் திரும்பத் திறக்க ஒரு ரகசியச் சொல் வேண்டும். அது மாவட்ட இணைப்புப் பாதுகாப்பு அலுவலர் தர்மனிடம் மட்டுமே இருக்கிறது. அதனால் மையத்தில் கம்ப்யூட்டரை யாரும் நிறுத்துவதில்லை. குரு போன நாளிலிருந்து அது ராத்திரி பகலாக ஓடுகிறது.

"அப்போ என்னாங்க பண்றது?"

பானுமதி மெதுவாகச் சொன்னாள். "தானா கரண்டு போச்சுன்னா மாட்டலாமுங்கண்ணா. அது எங்க மேல வராது."

ஆகவே எல்லாரும் கரண்டு போவதற்காகக் காத்திருந்தார்கள். தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிற அன்றைக்கெல்லாம் தவறாமல் போகிற கரண்டு, அன்றைக்கு வைராக்கியமாக இருந்தது. குப்புராஜ் கடவுளை வேண்டிக்கொண்டார். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் வேண்டிக்கொண்டார்கள். மத்தியானம் கடந்து ஃபேன் மெல்ல நின்றபோது ஒரு பெண் கைதட்டியே விட்டாள்.

பானுமதி ஒயரை எடுத்தாள். அந்த நேரம் மேஜைக்கு அடியிலிருந்து கீ, கீ என்று ஒரு சத்தம். யூபிஎஸ் பெட்டி. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கீழ வைம்மா!" என்று கத்தினார் காளியப்பன். "கம்ப்யூட்டர் ஓடுது. ஓடுதுன்னா கரண்டு இருக்குது."

"அந்தப் பெட்டிய ஒரு நிமிசம் அமுத்துனா..." என்று இழுத்தார் குப்புராஜ்.

"அது பாதுகாப்புச் சாதனம்யா. பாதுகாப்புச் சாதனத்த நிறுத்தறது பாதுகாப்பா? நீயே சொல்லு."

அந்த அலுவலகத்தில் கடிகாரம் ஓடாது, குழாயில் தண்ணி வராது, கதவு சாத்தினால் திறக்காது. யூபிஎஸ் மட்டும் திரும்பக் கரண்டு வரும்வரை தம் பிடித்து நின்றது. அரசாங்கப் பொருள் ஒன்று வேலை செய்ததற்காகக் குப்புராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாக வயிறெரிந்தார்.

தர்மனுக்குப் போன் போட்டார்கள். திங்கட்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். சனி, ஞாயிறு பாதுகாப்பான நாட்கள், அன்றைக்கு யாரும் எதையும் மாட்டுவதில்லை, அதனால் அவசரம் ஒன்றும் இல்லை என்று ஆறுதலும் சொன்னாராம்.

குப்புராஜ் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். காசியம்மாள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். மூக்கில் குழாய், அது போய்ச் சேருகிற மெஷின் கட்டிலுக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்தது. சுவரில் ரெண்டு பிளக் பாயிண்ட். ஒன்று எப்போதோ எரிந்து கறுத்துப்போனது. இன்னொன்றில் அந்த மெஷின்.

"வெச்சீங்களா வெரல?"

"திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

"வெரலுதானே... அதுக்கு என்னா நாளு நட்சத்திரம்?" ஒரு வாக்கியத்துக்கு நடுவில் அவள் ரெண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வந்து, பக்கத்துக் கட்டிலில் நாடித்துடிப்பு காட்டுகிற மானிட்டரில் ஒரு ஒயரைப் பிடுங்கி வேறொரு ஓட்டையில் மாட்டினாள். குப்புராஜ் துள்ளி எழுந்தார்.

"கரண்டு இருக்குதுங்கம்மா!"

நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "இல்லாட்டி இது எப்படிண்ணா ஓடும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். குப்புராஜ் கொஞ்ச நேரம் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது புகையவில்லை. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது அவருக்கு. அலுவலகங்களுக்குப் போய்வருகிற எல்லாருக்கும் வருகிற பயம்தான் அது.

திங்கட்கிழமை தர்மன் வந்தார். தனியாக வரவில்லை. ரப்பர் பாய் வந்தது, மரப்பலகை வந்தது, லைன்மேன்கள் போடுகிற தடித்த கையுறை வந்தது, சிவப்பு வாளிகளில் மணல் வந்தது. வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். போட்டோ எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களை எல்லாம் மரத்தடிக்கு விரட்டினார்கள். குப்புராஜ் மட்டும் 'பயனாளர் குடும்பத் தலைவர்' என்பதால் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார். அவருக்கு ஒரு சால்வை போட்டார்கள்.

தர்மன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் ஒயரைக் கழட்டித் திரும்பச் சொருகித் தட்டினார். வேலை செய்தது. பேச ஆரம்பித்தார்.

"பெருமையா சொல்றேன். போன ரெண்டு வருசமா நம்ம மாவட்டத்துல ஒரு துணைக்கருவிகூட மின்விபத்துல சேதம் ஆகல. காரணம் என்ன? ஒண்ணக்கூட நாம மாட்டல." கைதட்டல். "சில பேரு கேக்கறாங்க, அப்போ மக்களோட வேலை எப்படிங்க நடக்கும்னு. நான் திருப்பிக் கேக்கறேன். வேலை நடந்த எடத்துலதானே விபத்து நடந்திருக்கு? வேலையே நடக்காத எடத்துல ஒரு விபத்து நடந்ததா யாராவது காட்ட முடியுமா? குருன்னு ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுசன். வர்றவங்களுக்கெல்லாம் உடனுக்குடனே முடிச்சுக் கொடுத்தாரு. என்னாச்சு? நமக்கு ஒரு பாடமா ஆயிட்டாரு."

பல்லியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. காளியப்பன் நன்றி சொல்ல எழுந்தார். "நம்ம அலுவலர் ஐயா எவ்வளவு எளிமையானவர்னா, ஒரு ஒயரு மாட்டறதுக்கே நேர்ல வந்திருக்காரு" என்று மனசார வாழ்த்தினார். யாரும் சிரிக்கவில்லை. குப்புராஜ் சால்வைக்குள் வியர்த்துக்கொண்டு, புதன்கிழமைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாரும் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். கட்டடத்தின் மெயினை இறக்கினார்கள். யூபிஎஸ்ஸை நிறுத்தத் தர்மன் கையெழுத்துப் போட்டார். பானுமதி ரப்பர் பாய்மேல் பலகை, பலகைமேல் தான் என்று ஏறி நின்று கையுறையை மாட்டிக்கொண்டாள். முழங்கை வரைக்கும் வந்தது. அந்தத் தடித்த விரல்களுக்குள் ஒயரின் மூக்கு நிற்கவே இல்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் மணல் வாளி பிடித்திருந்தவர் ஓரடி முன்னால் வந்தார். கடைசியில் தர்மனே கையுறை போடாமல் எடுத்து, விசிறியைக் கழட்டிவிட்டு அந்த ஓட்டையில் சொருகினார். சொருகுவது போட்டோவில் சரியாக விழவில்லை என்று மறுபடி பிடுங்கிச் சொருகினார். காளியப்பன் தன் விசிறியைத் துக்கத்தோடு கையில் வாங்கிக்கொண்டார்.

மெயின் ஏறியது. தர்மன் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு ரகசியச் சொல்லை அடித்தார். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தார். வீட்டுக்குப் போன் செய்து மகளிடம் கேட்டு அடித்தார். திறந்தது.

குப்புராஜ் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. மரத்தடியில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பானுமதி திரையைப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"அண்ணா... அக்காவோட ரேகையும் வேணும்னு கேக்குது."

"அவளால எந்திரிக்கவே முடியாதுங்களே."

தர்மன் முகத்தில் கவலையே இல்லை. சொல்லப்போனால் பிரகாசமாகிவிட்டது. "நடமாடும் இணைப்புப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு வெச்சு வேலையில்லாமக் கெடக்குது. நாளைக்கே வார்டுக்கு வர்றோம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குமேல் மூன்று பேரும் வார்டுக்கு வந்தார்கள். முன்னால் தர்மன், பின்னால் ஒரு பழைய லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காளியப்பன், கடைசியில் தோளில் பையோடு பானுமதி. அந்த நேரம் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து அடிபட்டவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டர், நர்ஸ் எல்லாரும் கீழே ஓடிவிட்டார்கள். வார்டில் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும்தான் இருந்தார்கள்.

காளியப்பன் லேப்டாப்பைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். அதன் அடியில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் பொக்கையாக இருந்தது.

"பேட்டரி இல்லீங்களா?" என்றார் குப்புராஜ்.

"கழட்டியாச்சு" என்றார் தர்மன். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "பேட்டரி இருந்தா லேப்டாப்புல எப்பவுமே கரண்டு இருக்கும். எப்பவும் கரண்டு இருந்தா எப்பவுமே மாட்ட முடியாது. அதனால பேட்டரியில்லாம கொண்டாந்து, மொதல்ல கருவிய மாட்டிட்டு, அப்பறம் பிளக்கச் சொருகறோம். என்னோட யோசனை."

காளியப்பன் ரேகைக் கருவியை லேப்டாப்பில் மாட்டினார். லேப்டாப் ஒயரைக் கையில் எடுத்தார். சுவரைப் பார்த்தார். கறுத்துப்போன பாயிண்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நல்ல பாயிண்டைப் பார்த்தார். குனிந்து அதிலிருந்த பிளக்கைப் பிடித்தார்.

"இது என்னாது?"

"அவ மூச்சு விடற மெஷினுங்க!"

"துணைக்கருவிதானே? ஒரு நிமிசம் கழட்டிக்கறோம்."

எப்படிப் பாய்ந்தார் என்று குப்புராஜுக்கே தெரியாது. காளியப்பன் கைமேல் தன் கையை வைத்துப் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து குனிந்தே பேசிய மனிதர், வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கழட்டறதுக்கு விதி இல்லன்னு சொன்னீங்க. கழட்டிருவீங்க. திருப்பி எப்படிங்க மாட்டுவீங்க? கரண்டு இருக்குதே! பாயி வரோணும், பலகை வரோணும், மணலு வரோணும், நீங்க பேசி முடிக்கோணும். அதுவரைக்கும் இவ மூச்சப் புடிச்சிக்கிட்டு இருப்பாளா?"

காசியம்மாள் குழாயோடு திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தர்மன் அசையாமல் நின்றார். குப்புராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

"நியாயமான கேள்வி" என்றார் தர்மன். "காளியப்பன், இவரு சொல்றது சரி. மின்னோட்டம் உள்ளப்போ திருப்பி மாட்டக்கூடாது. நாம யோசிக்காம வந்துட்டோம்."

குப்புராஜ் மூச்சு விட்டார்.

"அதனால நீங்க போயி இந்த வார்டோட மெயின் சுவிட்சு எங்க இருக்குதுன்னு பாருங்க. மொத்தமா எறக்கிட்டா எல்லாத்தையும் பாதுகாப்பா மாட்டலாம்."

காளியப்பன் போய்விட்டார். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்கள். அந்த வார்டில் அன்றைக்கு ஒன்பது கட்டில், ஆறு மெஷின். தர்மன் கெட்டவர் இல்லை. வீட்டில் எறும்பு மருந்துகூட வைக்க மாட்டார். நெறிமுறையைப் படித்தார், படித்தபடி செய்தார்.

குப்புராஜ் பிளக்கை விடவில்லை. அவரால் மெயின் சுவிட்சைத் தேடி ஓடவும் முடியாது, பிளக்கை விட்டுவிட்டு வரவும் முடியாது. "யாராச்சும் அந்தாளப் புடிங்களேன்!" என்றார். பக்கத்துக் கட்டில் கிழவரின் மகன் வராந்தாவுக்கு ஓடினான்.

அப்போதுதான் பானுமதி தன் தோள்பையைத் திறந்தாள். பேட்டரியைத் தனியாகச் சுமந்து வரும் பொறுப்பு அவளுடையது. துணியைப் பிரித்தாள், கவிழ்க்க இடைஞ்சலாக லேப்டாப்பிலிருந்து தொங்கிய ரேகைக் கருவியின் ஒயரைப் பிடுங்கினாள், லேப்டாப்பைக் கவிழ்த்துப் பேட்டரியைப் பொருத்தினாள், நிமிர்த்தித் திறந்தாள். திரை எரிந்தது. கரண்டு இருந்தது. குரு உட்கார்ந்திருந்த நாற்காலியில் ரெண்டு வருஷம் உட்கார்ந்து பயந்தவள் அவள். ஓடுகிற லேப்டாப்பில் ஒயரின் மூக்கை வைத்து அழுத்தினாள்.

டிக் என்றது.

தர்மன் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். புகை வரவில்லை. தீ வரவில்லை. கருவியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, எதுவுமே நடக்காத மாதிரி எரிந்தது.

"அக்கா, வெரலக் குடுங்க" என்றாள் பானுமதி. காசியம்மாளின் கட்டைவிரலைத் தன் முந்தானையால் துடைத்துக் கருவிமேல் வைத்தாள். பச்சை எரிந்தது.

தர்மன் மெதுவாகக் கையை எடுத்தார். "என்னம்மா பண்ணிட்ட?"

"ஒண்ணும் ஆகலீங்க சார்."

"சத்தமா சொல்லாதம்மா!" அவர் வார்டைச் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அப்பறம் நாம எதுக்கும்மா?"

காளியப்பன் வேர்த்து வழியத் திரும்பி வந்தார். "மெயின் எங்க இருக்குதுன்னு இங்க யாருக்குமே தெரியல சார்" என்றார்.

மறுநாள் சேலத்தில் காசியம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், குப்புராஜைத் திட்டுகிறபோது நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் திட்டினாள். குப்புராஜ் அதை வாசலில் நின்று முழுசாகக் கேட்டார். பிறகு தோட்டத்துக்குப் போய் நல்ல தக்காளியாகப் பொறுக்கி ஒரு பை நிறையப் போட்டுக்கொண்டு மையத்துக்குப் பஸ் ஏறினார்.

பானுமதியின் நாற்காலி காலியாக இருந்தது.

"அந்தம்மாவ மாத்தியாச்சு" என்றார் காளியப்பன், உள்ளறையிலிருந்து எழாமலே. "குரு இருக்கற கெடங்குக்கு."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? அனுமதியில்லாம மாட்டுனதுக்கு."

அவர் முகத்துக்கு நேராகக் குட்டி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குப்புராஜ் விசிறியின் ஒயரோடு பார்த்துக்கொண்டே வந்தார். அது பழைய ஓட்டைக்கே வந்திருந்தது. ரேகைக் கருவியின் ஒயர் மேஜை விளிம்பில் தொங்கியது. அதே ஒரு சாண். விசாரணைக்காகக் கழட்டி வைத்திருப்பதாகவும், அலுவலர் ஐயா வந்து மாட்டிவைப்பார் என்றும், தேதி இன்னும் குறிக்கவில்லை என்றும் காளியப்பன் சொன்னார்.

பெஞ்சில் வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அதன் நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூச்சைக் குப்புராஜுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் கையில் காப்பீட்டு அட்டை இருந்தது.

"ஏனுங்க, அஞ்சு நிமிச வேலைன்னாங்க. காத்தாலயே முத பஸ்ஸுக்கு வந்தேன். எப்ப ஆகும்ங்க?" என்று அவள் அவரிடம் கேட்டாள். அவரை ஓர் அலுவலர் என்று நினைத்துக்கொண்டாள்.

குப்புராஜ் தக்காளிப் பையை மேஜைமேல் வைத்தார். தலைக்குமேல் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தார். சுற்றியது. குனிந்து விசிறியின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

உள்ளறையில் விசிறி நின்றது. "யோவ், யாருய்யா அது?" என்று காளியப்பன் எழுந்தார்.

"கழட்டறதுக்கு விதி இல்லீங்களே" என்றார் குப்புராஜ்.

தொங்கிய ஒயரை எடுத்தார். மூக்கை ஓட்டையில் வைத்து அழுத்தினார். டிக் என்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அலுவலகப் பையன் மணல் வாளியைத் தேடி ஓடினான். காளியப்பன் கதவருகிலேயே நின்றுவிட்டார், கிட்டே வரவில்லை. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

குப்புராஜ் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"வாம்மா" என்றார். "வெரல வையி."